தையல் பழக எங்கே சேரலாம்? இரண்டு வலது கை வைத்த ரவிக்கை சொன்ன பதில்

நான் தைத்த முதல் ரவிக்கைக்கு இரண்டுமே வலது கை. அப்போது எனக்கு 42 வயது. யூடியூப் பார்த்து, செய்தித்தாளில் வெட்டிப் பழகி, தைரியம் வந்த பிறகு ஒரு நல்ல அச்சுத் துணியில் கைவைத்தேன். ரவிக்கைக் கையின் மேல் வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. முன்பக்கத்தை அரை இஞ்ச் கூடுதலாகக் குடைந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் கையை முன்னால் நீட்டும்போது அக்குள் பக்கம் துணி சேர்ந்து நிற்காது. துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டில் எடுத்திருந்தால் தானாகவே இடதும் வலதுமாக வந்திருக்கும். துணி போதவில்லை என்று மிச்சம் கிடந்த துண்டுகளில் தனித்தனியாக வெட்டினேன். இரண்டாவதை வெட்டும்போது காகிதத்தைப் புரட்டிப் போட மறந்துவிட்டேன். வெற்றுத் துணியாக இருந்தால் திருப்பி வைத்துச் சமாளித்திருக்கலாம். அச்சுத் துணிக்கு உள்பக்கம் வெளுப்பு. திருப்பினால் ஊருக்கே தெரியும்.

இது எதுவும் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஒரு கை மட்டும் ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று இரண்டு நாள் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவில் தையல் சொல்லிக்கொடுக்கிற அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "ஏம்மா, ரெண்டும் வலது கையால்ல இருக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அக்காவிடம் 5 மாதம், ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் 6 மாதம் என்று போய்வந்தாயிற்று. இப்போது வீட்டில் யாராவது தையல் என்று ஆரம்பித்தால் என்னைத்தான் கேட்கிறார்கள். இந்த வருடம் மூன்று பேர். மேலூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மதினிக்கு 38 வயது, வீட்டிலிருந்தபடி நாலு காசு பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன செய்வது என்று நிற்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் அத்தைக்குப் பேத்திக்குப் பாவாடை சட்டை தைத்துப் போட ஆசை. மூன்று பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்க சேந்தா நல்லா சொல்லிக்கொடுப்பாங்க?" மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை.

எந்த வகுப்பை எடைபோடுவதற்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் முதலில் இது: கத்தரி எத்தனையாவது நாளில் நம் கைக்கு வருகிறது? தையல் வேறு, வெட்டு வேறு. நேராகத் தைக்க ஒரு மாதத்தில் கால் பழகிவிடும். அளவெடுத்து, கணக்குப் போட்டு, சாக்பீஸால் கோடு இழுத்து, துணியில் துணிந்து கத்தரி வைப்பதுதான் தொழில். ஊரில் எந்தத் தையல் கடையையும் கவனித்துப் பாருங்கள். மிஷினில் வேலையாட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேசையில் நின்று வெட்டுகிறவர் முதலாளியாகத்தான் இருப்பார். பல வகுப்புகளிலும் இதே கதைதான். டீச்சரே வெட்டிக் கொடுப்பார், நாம் தைப்போம். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து புதுத் துணியை விரித்தால் கை நடுங்கும்.

இரண்டாவது கேள்வி, ஒரு மிஷினுக்கு எத்தனை பேர். மூன்றாவது, தப்பாகத் தைத்ததைப் பிரித்துக் காட்டுகிற ஆள் உண்டா. சான்றிதழ், கட்டணம் எல்லாம் அப்புறம்தான்.

முதலில் யூடியூப். அதைக் குறை சொல்ல மாட்டேன். தமிழிலேயே ஆயிரக்கணக்கான காணொளிகள் இருக்கின்றன. கட்டோரி, பிரின்சஸ் கட், போட் நெக் என்று எந்த ரவிக்கை மாடலைக் கேட்டாலும் கிடைக்கும். பைசா செலவில்லை, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்தபிறகும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். மார்புச் சுற்றளவு 36 என்றால் நாலில் ஒரு பங்கு 9 இஞ்ச் என்பது வரை எல்லாரும் ஒன்று. அதற்கு மேல் லூஸ் எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு, கைக்குழி எத்தனை இஞ்ச் என்று வரும்போது ஆளுக்கொரு வழி. ஒருவர் கணக்கில் முன்பாகத்தையும் இன்னொருவர் கணக்கில் பின்பாகத்தையும் வெட்டினால் இரண்டும் சேராது. நான் அதையும் செய்து பார்த்தவள். காணொளி நம் துணியைப் பார்க்காது, அதுதான் சிக்கல். அடிப்படை தெரிந்தவருக்குப் புதுக் கழுத்து டிசைன் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. முதல் ரவிக்கைக்கு அது சரிப்படாது.

அடுத்தது தெரு அக்கா. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். வாசலில் ஒரு சிலேட்டு அல்லது ஃபிளெக்ஸ்: "இங்கு தையல் கற்றுத் தரப்படும்." முன்னறையில் இரண்டு அல்லது மூன்று மிதி மிஷின், ஒரு ஸ்டூலில் கத்தரிகள், ஆணியில் தொங்கும் அளவு ரவிக்கைகள். நான் போன இடத்தில் மூன்று மிஷின், ஒரு நேரத்தில் நாலு பேர். காலை 11 முதல் 1 வரை. நடுவில் வாடிக்கையாளர் வந்தால் அக்கா எழுந்து அளவெடுக்கப் போவார். அதைப் பாடத்துக்கு இடைஞ்சல் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அதுவே பாடம் என்று புரிந்தது. கொஞ்சம் கூன் விழுந்த பாட்டிக்குப் பின்பாகத்தை எவ்வளவு கூட்ட வேண்டும், ஒரு தோள் இறங்கியிருக்கிறவருக்கு என்ன செய்வது என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. "பிள்ளைக்குப் பால் குடுக்கிற பொண்ணும்மா, முன்னால ரொம்ப இழுத்துப் பிடிக்காத" என்று அவர் போகிற போக்கில் சொன்னது இன்றைக்கும் எனக்கு உதவுகிறது.

முதல் வாரம் ஊசியில் நூலே கிடையாது. கோடு போட்ட நோட்டுக் காகிதத்தை மிஷினில் வைத்து, கோட்டின் மேலேயே ஊசித் துளை விழும்படி ஓட்ட வேண்டும். மிதி மிஷினில் சக்கரத்தைக் கையால் நம் பக்கம் சுற்றிவிட்டு, அந்த ஓட்டத்திலேயே கால் சேர வேண்டும். கால் பிந்தினால் சக்கரம் பின்னோக்கி ஓடும், நூல் இருந்தால் அறுந்துபோகும். நூல் கோர்த்த முதல் நாள் 11 முறை அறுத்தேன், எண்ணி வைத்திருக்கிறேன். துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லக் கூடாது, மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதை அக்கா சொல்லும்வரை நான் பாபின் கேஸைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நாலாவது வாரம் கத்தரி கைக்கு வந்தது. பழைய லுங்கித் துணியில் முதல் வெட்டு. முன்பாகத்தை மூலைவாட்டில், அதாவது கிராஸில் போட்டு வெட்டச் சொன்னார். அப்படி வெட்டினால் துணி இழுத்துக் கொடுக்கும், உடம்போடு ஒட்டி உட்காரும். நேராக வெட்டினால் விறைத்து நிற்கும். இழுத்துப் பார் என்று இரண்டு துண்டையும் கையில் கொடுத்தார். விரல்தான் முதலில் புரிந்துகொண்டது.

தெரு அக்காவிடம் குறை இல்லாமலா? விடுமுறை எப்போது வரும் என்று தெரியாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் வகுப்பே இருக்காது. அவருக்கு ஆர்டர் குவிந்துவிடும், நம்மையும் கொக்கி கட்ட, ஓரம் மடித்து ஹெம்மிங் செய்ய உட்கார வைத்துவிடுவார். அவருக்குத் தெரிந்தது ரவிக்கையும் சுடிதாரும் என்றால் நமக்கும் அவ்வளவுதான்; சட்டைக் காலர் கேட்டால் கைவிரித்துவிடுவார். சான்றிதழ் கிடையாது. அது ஏன் சிலருக்கு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சான்றிதழ் ஆசையில்தான் தனியார் நிலையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, சுவரில் கவுன் போட்ட பொம்மை, "ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ" என்று தங்க எழுத்து. 18 பேருக்கு 5 மிஷின், அதில் ஒன்று எப்போதும் பழுது. ஒவ்வொரு நாளும் முக்கால்வாசி நேரம் ரெக்கார்டு நோட்டு ஒட்டுவதிலேயே போனது. பிளீட், டக், பைப்பிங் என்று உள்ளங்கையளவு துண்டில் தைத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட வேண்டும். நோட்டு கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. கத்தரி கடைசி மாதம்தான் கைக்கு வந்தது, அதுவும் காகிதத்தில். சரி, எல்லாத் தனியார் நிலையமும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்கவில்லை என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த டிப்ளமோவை யார் தருகிறார்கள்? நிலையமே அச்சடித்துத் தருகிற தாளுக்கும் அரசு தேர்வு வைத்துத் தருகிற சான்றிதழுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இனி அரசுப் பக்கம். இங்கே பலருக்குத் தெரியாத வாசல்கள் இருக்கின்றன.

ஜன் சிக்ஷன் சன்ஸ்தான், தமிழில் மக்கள் கல்வி நிறுவனம். இதன் வேர் முதியோர் கல்வியில் இருக்கிறது. 1967ல் பம்பாயின் வொர்லியில் தொழிலாளர்களுக்காக ஷ்ரமிக் வித்யாபீடம் என்று தொடங்கினார்கள். கிராமத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்களுக்கு எழுத்தும் தொழிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம். 2000ல் இப்போதைய பெயர் வந்தது. 2018ல் கல்வியைக் கவனிக்கும் அமைச்சகத்திலிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள், 15 முதல் 45 வயது வரை உள்ளவர்கள் இவர்களுடைய ஆட்கள். கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. இதில் எனக்குப் பிடித்தது, வகுப்பு நம் இருப்பிடத்தைத் தேடி வருவது. சமுதாயக் கூடம், சர்ச் ஹால், யார் வீட்டு மாடியோ கிடைத்தால் அங்கே மிஷினைக் கொண்டுவந்து ஒரு பேட்ச் நடத்துவார்கள். எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் அக்கா அப்படித்தான் பழகினார். டேப்பில் எண் மட்டும் தெரியும், எழுத்து கூட்டித்தான் படிப்பார். முக்கால், அரை, கால் இஞ்ச் எல்லாவற்றையும் விரல் கணுவில் வைத்திருக்கிறார்.

தொண்ணூறுகளில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் படித்த பெண்கள் இருக்கிறார்களே, அதற்குப் பின்னால் வந்த வளர்கல்வி மையங்களில் தையல் வகுப்பும் நடந்தது. எழுத்து மட்டும் என்றால் இரண்டு மாதத்தில் கூட்டம் கரையும். மிஷின் வந்தால் நிற்கும் என்று அப்போதே தெரிந்திருந்தது. மக்கள் கல்வி நிறுவனமும் அந்தச் சூட்சுமத்தில்தான் ஓடுகிறது. குறை என்று பார்த்தால், பாடம் எழுத்தறிவு குறைந்தவர்களை மனதில் வைத்துப் போடப்படுவதால் வேகம் மெதுவாக இருக்கும். பட்டம் முடித்தவர்களுக்கு அங்கே இடம் இல்லை, அது நியாயமும்கூட.

மதினிக்கு நான் சொன்னது வேறு: ஆர்செட்டி. கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்பது முழுப்பெயர். கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் 1982ல் தர்மஸ்தல மஞ்சுநாதேஸ்வரா அறக்கட்டளையும் கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் சேர்ந்து தொடங்கிய ருட்செட்டிதான் இதற்கு மூலம். வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்குக் கொஞ்ச காலம் தங்க வைத்துத் தொழில் பழக்கி, வங்கிக் கடனோடு அனுப்பி வைப்பது. அது நன்றாக ஓடியதால் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகளைக் கொண்டு நாடு முழுக்கத் தொடங்கியது. பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், தங்க இடமும் உண்டு. மகளிர் தையல் வகுப்பு ஏறக்குறைய ஒரு மாதம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், உச்ச வரம்பும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள் நேரில் போய்க் கேட்டுப் பார்ப்பது நல்லது. கிராமத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் நகல்களோடு போய்ப் பெயர் கொடுத்துவிட்டால் அடுத்த பேட்சுக்குக் கூப்பிடுவார்கள்.

ஒரு மாதத்தில் என்ன பழக முடியும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தெரு அக்காவிடம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதில் மிஷின் நம் கையில் இருப்பது ஒரு மணி நேரம். ஆர்செட்டியில் காலையிலிருந்து மாலைவரை அதே வேலை. வீட்டு நினைப்பு இல்லை, உலை வைக்கிற அவசரம் இல்லை. நான் 5 மாதத்தில் மிதித்ததை அங்கே ஒரு மாதத்தில் மிதித்துவிடலாம்.

இன்னொரு விஷயமும் அங்கே உண்டு, வேறு எங்கும் கிடையாது. தையலுக்கு நடுவில் விளையாட்டு வைப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார்கள். எத்தனை அடுக்குவீர்கள் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். வளையம் எறிகிற விளையாட்டும் உண்டு. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எறிந்தால் குறைந்த மதிப்பெண், தள்ளி நின்றால் அதிகம். எங்கே நிற்பீர்கள் என்பதை வைத்து, துணிந்து கடன் வாங்குவீர்களா, பயந்து ஒதுங்குவீர்களா என்று பேசுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு ரவிக்கைக்கு என்ன கூலி கேட்பது, லைனிங் துணிக்கும் நூலுக்கும் எவ்வளவு கழிப்பது, சொந்தக்காரர் "அப்புறம் தர்றேன்" என்றால் என்ன சொல்வது என்பதைத் தெரு அக்கா சொல்லித்தர மாட்டார். நாளைக்கு நாம்தானே அவருக்குப் போட்டி! பயிற்சி முடிந்தபிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து, கடன் விண்ணப்பத்துக்கு உதவுவது ஆர்செட்டியின் கடமை. அதை விடாமல் கேட்டு வாங்குவது நம் சாமர்த்தியம்.

இதில் என்ன இடைஞ்சல்? ஒரு மாதம் வீட்டை விட்டு நகர முடியுமா என்பதுதான். சின்னக் குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார் என்றால் கஷ்டம். பாதியில் நின்றால் அந்த இடம் வீண், இன்னொருவருடைய வாய்ப்பும் போச்சு. நகரத்துக்காரர்களுக்கு இந்த வாசல் அடைத்தே இருக்கிறது. என் அத்தை சேர முடியாது, வயதும் தாண்டிவிட்டது.

சான்றிதழ் யாருக்கு வேண்டும்? அரசு உதவி எதிர்பார்ப்பவர்களுக்கு வேண்டும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கும்போது தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் ஒரு மிஷினை இழந்தவர்களை எனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைத்துக் கொடுப்பது சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களும் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் தைத்துக் கொடுப்பவரிடம் எந்த வாடிக்கையாளரும் சான்றிதழ் கேட்டதில்லை. அக்குள் பக்கம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அரசு ஐ.டி.ஐ. தையல் தொழில்நுட்பம் என்ற பிரிவு ஒரு வருடம். எட்டாவது முடித்திருந்தால் போதும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. 40 வயதுப் பெண் ஐ.டி.ஐ.யில் சேரலாமா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் வாரம் முழுக்கப் பகல்நேர வகுப்பு, வருகைப்பதிவு, தேர்வு என்று அது பள்ளிக்கூடமேதான். இந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். சட்டை, பேண்ட், மின்மோட்டார் பொருத்திய மிஷின், துணியின் தன்மை என்று அகலமாகக் கற்றுத்தருவார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 17 வயது, அவளுக்கு இதுதான் சரி.

அவளுடைய அம்மா லோயர், ஹையர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் ஒன்று. லோயர், ஹையர் என்ற இரண்டு படியையும் முடித்து, கோடையில் நடக்கும் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சியையும் முடித்தால் பள்ளியில் தையல் ஆசிரியர் பணிக்குத் தகுதி வரும். ஒரு காலத்தில் நல்ல கனவுதான். 2017ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர்களுக்குத் தேர்வு நடத்தியபோது ஓவியம், இசை, உடற்கல்வியோடு தையலுக்கும் ஆள் எடுத்தார்கள். அப்படி ஒரு அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. வேலை கிடைக்கும் என்று நம்பி மட்டும் இந்த வழியில் போக வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

திருப்பூருக்குப் போகும் எண்ணம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நேராக உதவாது. பனியன் கம்பெனியில் வேலை வேறு. பின்னல் துணி, இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். மிஷினும் வேறு: ஓவர்லாக், பேட்லாக், பவர் மிஷின். ஒருவர் கழுத்துப் பட்டி மட்டும், ஒருவர் கை மட்டும், நாள் முழுக்க அதே. ரவிக்கையில் கெட்டிக்காரி அங்கே போனால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதல் வாரம் அழுவாள். அங்கேயே போய்ப் பழகுவதுதான் வழி.

கடையில் உட்கார்ந்து தொழில் பழகும் பழைய முறையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, மதுரைக்காரி நான். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் துணி கொடுத்தால் கோயிலுக்குள் போய் வருவதற்குள் தைத்து வைத்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்குத் திரி எடுப்பவர்களும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் போடுகிற சல்லடம், தலைப்பாகை எல்லாம் அங்கே தயாரானவை. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே வளர்ந்த கை எல்லாம் பட்டன் துளைக்கு நூல் கட்டும் காஜா பையனாகத் தொடங்கியதுதான். முதல் வருடம் காஜா, பட்டன், டீ வாங்கி வருவது. இரண்டாம் வருடம் ஹெம்மிங். மிஷினில் உட்காரவே மூன்று வருடம். கத்தரி கைக்கு வருவது மாஸ்டருக்கு மனம் வந்தால். அப்படி வந்த கைக்கு இணை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 12 வயதுப் பையன்களின் படிப்பைத் தின்று வளர்ந்த முறை. பெண்களுக்கு அந்தத் திண்ணையில் இடமும் இருந்ததில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஏங்குகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை.

இப்போது எல்லாரும் கேட்பது ஆரி, அதாவது கொக்கி ஊசியால் போடும் பூவேலை. கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு ரவிக்கைக்குக் கிடைக்கும் கூலியைக் கேட்டு ஆசைப்பட்டு, தையல் தெரியாமலே நேராக ஆரி வகுப்பில் சேர்கிறார்கள். சட்டத்தில் துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மேலிருந்து குத்தி, கீழிருக்கும் நூலை வளையமாக மேலே எடுக்க வேண்டும். கை பழகச் சில வாரங்கள் போதும். ஆனால் கழுத்து எங்கே வரும், டார்ட் மடிப்பு எங்கே பிடிப்பார்கள் என்று தெரியாமல் பூப் போட்டால், தைக்கும்போது பாதிப் பூ தையலுக்குள் போய்விடும். ரவிக்கை வெட்டத் தெரிந்தபிறகு ஆரிக்குப் போனால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குச் சான்றிதழ் வேண்டாம், வருமானம் வேண்டாம், முழங்கால் வலி வேறு. மிதி மிஷின் கூடாது, மோட்டார் பொருத்தியது வேண்டும். தெரு அக்காவிடமே அனுப்பிவிட்டேன், வாரம் மூன்று நாள். போன முதல் நாளே அக்காவுக்கும் அத்தைக்கும் சண்டை. பாவாடைக்கு மடிப்பு எண்ணிக்கையில் அத்தை ஒரு கணக்கு, அக்கா ஒரு கணக்கு. இருவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பாவாடையும் முடிந்துவிட்டது.

யாராக இருந்தாலும் வகுப்பில் சேரும் முன்பே மிஷின் வாங்கிவிடாதீர்கள். முதல் மாதம் வகுப்பு மிஷினிலேயே ஓட்டுங்கள். நமக்குப் பிடிக்கிறதா, முதுகு தாங்குகிறதா என்று அதற்குள் தெரியும். பழைய மிதி மிஷின்கள் நல்ல நிலையில் கைமாறிக் கிடைக்கும், மெக்கானிக்கிடம் காட்டி எண்ணெய் போட்டுப் பார்த்து வாங்கினால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். புதிதாக வாங்க வேண்டியது ஊசி, டேப், கத்தரி மூன்றும். பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, பட்டுக்கு 11. பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அதில் அளந்தால் எல்லாக் கணக்கும் தப்பு.

மதினி அடுத்த வாரம் ஆர்செட்டிக்குப் பெட்டி கட்டுகிறாள். மதுரையில் இருப்பது அந்தப் பழைய ருட்செட்டி வரிசையில் வந்த நிலையம்தான். கடைக்குட்டியை என் அம்மா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நேற்று போனில், "உன் கத்தரியக் குடுத்து விடு, புதுசு எதுக்கு" என்றாள். துணிக் கத்தரியைக் கடன் கொடுக்கிற தையல்காரியை நான் பார்த்ததில்லை. யாராவது அதில் காகிதம் வெட்டிவிடுவார்கள், முனை மழுங்கிவிடும். மாசி வீதிக்குப் போய் அவளுக்கென்று பத்து இஞ்ச் கத்தரி ஒன்று வாங்கி வந்து வைத்திருக்கிறேன்.